பொடுதலை படர்ந்த இடம்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னும் மாசி பிறக்கவில்லை, அதற்குள் இந்த வெயில். காலையில் தோட்டத்துப் புல்லை எல்லாம் பிடுங்கினேன். பிடுங்குவதற்கு என்ன இருக்கிறது, தொட்டதும் வைக்கோல் மாதிரி கையோடு வந்தது. நர்சரியிலிருந்து பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரித்த புல். பொங்கலைத் தாண்டவில்லை. போர்த் தண்ணீர் உப்பு. தரையோ சுடுமண்.

அவருக்குப் புல் வேண்டும். பிசியோதெரபி பெண் நெட்டப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். போன வாரமும் சொன்னாள்: "வெறுங்கால்ல நடக்க விடுங்க ஆன்ட்டி. டைல்ஸ் வேணாம். மெத்துனு இருக்கற தரையா பாருங்க, பாதத்துக்கு உணர்ச்சி வரட்டும்."

அதற்காகத்தானே கடலூர் மாடி வீட்டை விட்டு ஏம்பலம் வந்தது. படி இல்லாத வீடு, பின்னால் கொஞ்சம் மண். ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வலது கால் இன்னும் இழுக்கிறது. பேச்சு போனது போனதுதான். ஆமா. தண்ணி. போ. மூன்றே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நாளை ஓட்டுகிறார்.

பக்கத்து வீட்டு பச்சையம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, புல்லு பூட்ச்சா?"

"போயிடுச்சுக்கா."

"பொடுதலை போடேன். தலைல பொடுவு வந்தா எண்ண காச்சுவோமே, அது. வாய்க்கா மோட்ல எவ்ளோ கெடக்குது. தண்ணி ஊத்தலன்னாலும் சாவாது. மாடு மெரிச்சாலும் சாவாது. உப்புத் தண்ணியும் குடிக்கும்."

தோன்றவே இல்லை பாருங்கள் எனக்கு. யாரிடம் "பாருங்கள்" என்கிறேன்?

பிப்ரவரி 12, புதன்

லீவு போட்டேன். (கிளினிக்கில் டாக்டர் முகம் சுளித்தார். ரத்தம் எடுக்க வேறு ஆள் இல்லையாம். பாகூரில் எனக்கு முன்னாலும் ஊசி குத்தினார்கள்தானே.)

அக்காவும் நானும் வாய்க்கால் மேட்டில். ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு மூட்டை கொண்டுவந்தோம். கணுவுக்குக் கணு வேர். பல் வைத்த சின்ன இலை. தீக்குச்சித் தலை மாதிரி மொட்டு, அதைச் சுற்றி வெள்ளையும் ஊதாவுமாகப் பொடிப் பூ.

அக்கா சொன்ன முறை: மண்ணைக் கொத்தி விடு. உரம் வேண்டாம். சாணுக்கு ஒரு துண்டு. கணு மண்ணுக்குள் போக வேண்டும். வேர் பிடிக்கிற வரைக்கும் தினம் தண்ணீர், அப்புறம் மறந்துவிடு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இடது கையால் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். வாங்கி நட்டேன்.

துணிக்கொடி வரைக்கும் அக்கா நட்டாள். அதற்கு மேல் வரவில்லை. "கொடிக்கு அந்தாண்ட நீ நட்டுக்கம்மா, எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி." நடவுக்குப் போய் இடுப்பு தேய்ந்தவள், சரிதான். ஆனால் வீட்டுக்குப் போகும்போது நேராகப் போனால் நாலு எட்டு. அவள் சுவரை ஒட்டி முழுசும் சுற்றிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 27, வியாழன்

பிடித்துவிட்டது! எல்லா இடத்திலும் புதுத் தளிர். முருங்கை அடியில் மட்டும் நாலைந்து காய்ந்துவிட்டன. மாற்ற வேண்டும்.

துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் வேகம் அதிகம். மற்ற இடத்தில் விரல் நீளம், அங்கே முழம். வட்டமாக. அங்கே நட்டதும் அதே மூட்டை, அதே நாள், அதே உப்புத் தண்ணீர். கை வைத்துப் பார்த்தேன். மண் சில்லென்று. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

வாங்க வேண்டியது: அவருக்கு பி.பி. மாத்திரை, வெல்லம், பூச்செடி வேலி கட்ட நைலான் கயிறு, நல்லெண்ணெய்.

மார்ச் 11, செவ்வாய்

காற்றே இல்லை. கரும்புத் தோகைகூட அசையவில்லை.

பாய் விரித்தாற்போல ஆகிக்கொண்டிருக்கிறது. இன்று அவரை முதல் முறை வெறுங்காலோடு இறக்கினோம். பிசியோ பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கையில் நாலு கால் ஊன்றுகோல். பாதம் பட்டதும் அவர் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டார். "பாருங்க, வெரல மடக்கறாரு!" என்று அந்தப் பெண் கத்தினாள். வலது கால் விரல். ஒரு வருஷமாக மரக்கட்டை மாதிரி கிடந்த விரல்.

உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் இருவரும் அந்த வட்டத்து ஓரத்தில் நிற்கிறார்கள். அவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தட்டினால் டக். வட்டத்துக்குள் தட்டினால் தொம். மறுபடி டக். மறுபடி தொம். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார், கதவைத் தட்டினவர் மாதிரி.

"மண்ணு லூசா இருக்கும் ஆன்ட்டி, அதான்."

மார்ச் 20, வியாழன்

கிளினிக்கில் கூட்டம். ஒரே டெங்கு பயம். வீட்டுக்கு வர மதியமாகிவிட்டது. நான் இல்லாதபோது அக்கா வேலி ஓரமாக நின்று அவரைப் பார்த்துக்கொள்கிறாள், பாவம்.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். கொடிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. முருங்கை அடியில் நட்டது, சுவர் ஓரத்தில் நட்டது, குழாயடியில் நட்டது, எல்லாம். தலை வாரி விட்டது மாதிரி, நுனிகள் அத்தனையும் அந்த வட்டத்தைப் பார்த்து. குழாயடியில் இருப்பதற்கு அங்கேயே ஈரம் இருக்கிறது. அதுவும் குழாயை விட்டுவிட்டு அங்கேதான் போகிறது.

கொஞ்சத்தைத் திருப்பி விட்டு மேலே கல் வைத்தேன்.

மார்ச் 29, சனி

கல்லுக்கு அடியிலிருந்து வளைந்து திரும்பியிருக்கிறது.

பூ நிறைய. தேனீ கொட்டும் என்று பயந்து அவரை அதிகாலையிலேயே நடக்க விடுகிறேன். வெயில் ஏறினால் பொடித் தேனீ, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, என்னென்னவோ. ஆனால் வட்டத்துக்குள் எதுவும் உட்காருவதில்லை. பூ அங்கேதான் அதிகம். விளிம்பு வரை வந்து, அப்படியே மேலே தூக்கிக்கொண்டு, தாண்டிப் போய் அந்தப் பக்கம் இறங்குகின்றன. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். சாம்பார் அடிபிடித்துவிட்டது.

மதியம் சாப்பிடும்போது அவர் ஏதோ சொன்னார். புதுச் சொல்! "கொழஞ்சி."

"சோறு கொழஞ்சிடுச்சாங்க?" என்றேன். சோறு உதிரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழைந்தால் குழையட்டும், நாலாவது சொல் வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கிற மகளுக்கு உடனே போன். "அப்பா சாப்பாட்ட கொறை சொல்றாருடி!" அவளும் அழுதாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் துவைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலி. ஊன்றுகோல் நாற்காலியில் சாய்ந்தபடி இருக்கிறது. அவர் வட்டத்தின் நடுவில் நிற்கிறார்.

ஊன்றுகோல் இல்லாமல். யாரும் பிடிக்காமல். நாற்காலிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே துணிக்கொடி இருக்கிறது, யாராவது தூக்கிப் பிடிக்காவிட்டால் அதைக் குனிந்துதான் கடக்க வேண்டும். அவரால் குனிய முடியாது.

தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் வாத்தியார் மெதுவாகப் பேசினால் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி. கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன். திரும்பி என்னைப் பார்த்து, யாரோ பேச்சில் குறுக்கிட்டது மாதிரி, "போ" என்றார்.

அவர் பாதத்தைச் சுற்றி இலை ஈரமாக இருந்தது. பனியெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிசியோ பெண்ணிடம் சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "சூப்பர் ஆன்ட்டி! தனியா நடந்தாரா? எந்த எடத்துல நிக்கப் புடிக்குதோ அங்கயே நிக்க விடுங்க."

அவள் முகத்தைப் பார்த்தால் சந்தோஷம். அவள் போனதும் அவர் நாற்காலியைத் துணிக்கொடியிலிருந்து இன்னும் தள்ளிப் போட்டேன்.

கால் நன்றாகத்தான் இருக்கிறது. வலது கை விரல்கூட இன்று டம்ளரைப் பிடித்தது. பேச்சு: ஆமா, தண்ணி, போ, கொழஞ்சி. கொழஞ்சியைத்தான் அதிகம் சொல்கிறார். காப்பி குடிக்கும்போதும் சொல்கிறார். காப்பி எப்படிக் குழையும்?

ஏப்ரல் 15, செவ்வாய்

புது வருஷமும் போயிற்று. வேப்பம்பூப் பச்சடி. மாங்காய் புளிக்கவே இல்லை.

பச்சையம்மா அக்காவுக்குக் கொஞ்சம் பாயசம் கொடுக்க வேலிக்குப் போனேன். அவர் பின்னால் நாற்காலியில். நான் கிண்ணத்தை நீட்டும்போது அவர் தெளிவாக, பெரிய குரலில், யாரையோ கூப்பிடுவது மாதிரி:

"கொளஞ்சி!"

அக்கா கையிலிருந்து கிண்ணம் போயிற்று. பாயசம் பொடுதலை மேல்.

"இன்னா சொன்னாரு?"

"சோறு கொழஞ்சி போச்சாம்க்கா. எப்பவும் இதே பாட்டுதான்."

"இல்ல. பேரு சொல்றாரு."

கொழஞ்சி இல்லை. கொளஞ்சி. காது இருந்தும் இத்தனை நாள் எனக்குக் கேட்கவில்லை. அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

"என் தங்கச்சி பேரும்மா அது. நீ இன்னாத்துக்கு அவர்கிட்ட சொன்ன?"

"எனக்கே தெரியாதே அக்கா. நீங்கதான் எப்பவாவது அவர்கிட்ட பேசிட்டிருந்தப்ப..."

"என் வாயால அந்தப் பேரச் சொல்லி எவ்ளோ வருசம் ஆவுது தெரியுமா?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இந்த மனை எல்லாம் முன்பு நெல் வயல். துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு. கொளஞ்சி தண்ணீர் எடுக்க வந்தாள். "கால் வழுக்கிச்சா, தானா உழுந்தாளா, யாருக்குத் தெரியும். கொடம் மட்டும் மேல மெதந்துக்கினு இருந்திச்சி." தூக்கி எடுத்து, எரித்து, காரியம் எல்லாம் முறையாகச் செய்தார்கள். பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊரில் யாரும் தொடவில்லை. மனை போட்டபோது தென்னங்கட்டை, இடிந்த செங்கல், குப்பை எல்லாம் கொட்டி மூடி, மேலே மண் பரப்பிவிட்டார்கள்.

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"வூடு வாங்கி பால் காச்சிட்டீங்க. அதுக்கு மேல இன்னான்னும்மா சொல்றது?"

கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

அவரைத் தோட்டத்தில் இறக்குவதை நிறுத்தி ஒரு வாரம். பின்கதவு சாத்தியே இருக்கிறது. வட்டத்தின் மேல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன். ஜே.சி.பி.காரரிடம் பேசினேன், தோண்டிப் பார்த்துக் கெட்டியாக மூட வேண்டும் என்று. கரும்பு வெட்டு முடியட்டும், வண்டி வர வழி இல்லை என்றார்.

அவர் சாப்பிடுவதில்லை. நேற்று டம்ளர் கையிலிருந்து விழுந்தது. வலது கால் பழையபடி இழுக்கிறது. பிசியோ பெண் பார்த்துவிட்டு, "ஏன் ஆன்ட்டி விட்டுட்டீங்க? நல்லா வந்துட்டிருந்தாரே" என்றாள். 

சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எதிரே வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார். "ஆமா" கூட இல்லை இப்போது.

மகள் போனில்: "அங்கிருந்து கெளம்பி இங்க வந்துடுங்கம்மா." ஐந்தாவது மாடி அவளுக்கு.

மே 3, சனி

அக்னி நட்சத்திரம் நாளை. இன்றைக்கே வாய்க்கால் மேட்டில் இருக்கிற பொடுதலைகூடப் பழுத்துவிட்டது. எங்கள் தோட்டத்திலும் சுற்றிலும் பழுப்பு. வட்டம் மட்டும் கரும்பச்சை. முள்ளுக்கு மேலே ஏறிப் படர்ந்து, முள் இருக்கிற இடமே தெரியாமல் மூடியிருக்கிறது. தண்ணீர் ஊற்றி எத்தனையோ நாள் ஆகிறது.

பிடுங்கிவிடலாம் என்று கடப்பாரையோடு போனேன். ஓரத்தில் ஒரு கொடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து லேசாக இழுத்தது மாதிரி இருந்தது. கொடி நீளம், எங்கேயோ வேர் பிடித்திருக்கும், இழுத்தால் திரும்ப இழுக்கத்தான் செய்யும்.

கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மே 5, திங்கள்

நேற்று சாயங்காலம் கோடை மழை. இடி, காற்று, மூன்று தென்னை விழுந்ததாம் பனித்திட்டுப் பக்கம். தோட்டம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வட்டத்தில் மட்டும் நிற்கவில்லை. ஊற்ற ஊற்றக் குடிப்பது மாதிரி உள்ளே போயிற்று.

கரன்ட் இல்லை. கிளினிக் போகணும். பேட்டரி டார்ச், கொசுவர்த்தி வாங்கணும்.

மே 6, செவ்வாய்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். 

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பின்கதவு திறந்திருந்தது. உள்தாழ்ப்பாள் மேலே இருக்கிறது, அவர் கை எட்டாது. எட்டாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் வட்டத்தின் நடுவில். ஆனால் உயரம் குறைந்திருந்தது. முதலில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இடுப்புக்குக் கீழே இல்லை அவர்.

கீழே மண் போய்விட்டிருந்தது. கட்டையெல்லாம் உளுத்து, மழையில் கரைந்து, நான் வெட்டிப் போட்ட முள்ளோடு உள்ளே இறங்கிவிட்டது. மேலே இருந்தது பொடுதலை மட்டும்தான். வெறும் கொடி, வேர், அதில் ஒட்டின மண். ஏணையில் பிள்ளை கிடப்பது மாதிரி அது அவரைத் தாங்கிக்கொண்டு தொங்கியது. சுற்றிலும் விளிம்பிலிருந்து கொடிகள் கம்பி மாதிரி விறைத்து நின்றன. ஒவ்வொன்றாக "டப்", "டப்" என்று அறுந்தன.

அவர் பயப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கீழே பார்த்துக்கொண்டிருந்தார், அக்கறையாக.

கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை மாதமும் சுவரை ஒட்டிச் சுற்றிப் போனவள் நேரே வந்தாள். "ஏணி எட்றி!" என்றாள் என்னை. டி போட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர்த் தொட்டிக்கு வைத்திருந்த மூங்கில் ஏணியைக் குறுக்கே போட்டோம். அக்கா அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்தாள். முந்தானையை அவர் கக்கத்தில் சுற்றினாள். நான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

இழுத்தோம். வரவில்லை. கனமே இல்லாத மனிதர் இந்த ஒரு வருஷத்தில், தினம் தூக்குகிறவள் எனக்குத் தெரியாதா. வரவில்லை.

அப்போது அக்கா அவரிடம் பேசவில்லை. கீழே பார்த்துப் பேசினாள். அதட்டலாகக்கூட இல்லை, அடுப்படியில் பேசுகிற குரலில்.

"வுட்றி கொளஞ்சி. நம்ம வூட்டு ஆளு இல்லடி அது. வுட்டுடு."

வந்துவிட்டார். சேற்றிலிருந்து கால் வருவது மாதிரி, ஒரே இழுப்பில்.

மூன்று பேரும் குழாயடி வரைக்கும் தவழ்ந்துதான் போனோம். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பச்சைப் பாய் மெதுவாக, மடிந்துகொண்டு, உள்ளே போனது. ஏணியும் போனது. சத்தமே இல்லை. மூச்சு விட்டு நிமிர்ந்த பிறகுதான் கீழே தண்ணீர் கேட்டது.

அவர் என் கையைப் பிடித்தார். வலது கையால். "மாலா" என்றார்.

பதினான்கு மாதம் கழித்து என் பெயர்.

மே 18, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். திறந்து வைக்காதீர்கள், சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்றார். கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூடுனா திரும்ப எறங்கும்மா. உள்சுவரு நல்ல கட்டு. ஒறை எழுப்பி கம்பி போட்டுடலாம். தண்ணிகூட இருக்குது பாருங்க."

மூடத்தான் நினைத்தேன். பச்சையம்மா அக்கா வேலியருகே நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன்.

இடுப்புயரச் சுவர், மேலே இரும்புக் கம்பி வலை, சிமென்டில் பதித்து. வேலை நேற்று முடிந்தது. மிச்சமிருந்த பொடுதலை ஏற்கெனவே சுவரேறிவிட்டது. கம்பி வழியாக உள்ளே இறங்குகிறது. வெட்டவில்லை. அன்றைக்கு அவரைத் தாங்கியதும் அதுதானே. தாங்கியதா, பிடித்து வைத்ததா? இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்க்கிறேன். எதை நினைத்தாலும் தூக்கம் வருகிறது இப்போது. அதுவே போதும்.

அவருக்குச் சொற்கள் வருகின்றன. மாலா. காப்பி. வெயில். ஃபேன். அந்தப் பெயரை அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. ஊன்றுகோல் இல்லாமல் முருங்கை வரைக்கும் போய் வருகிறார். பிசியோ பெண் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

மே 25, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

அக்கா இப்போது தினமும் வருகிறாள். அன்று பிய்த்த இடத்தில் வேலியை யாரும் திரும்பக் கட்டவில்லை. கிணற்றுச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கம்பிக்குள் குனிந்து பேசுகிறாள். மூத்தவனுக்குக் கம்பெனியில் வேலை நிரந்தரமானது. ரேஷனில் போட்ட அரிசி. மருமகள் முழுகாமல் இருப்பது. இத்தனை வருஷத்துச் செய்தியும் வரிசையாக. இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நல்லதுதான், இருவருக்கும் துணை என்று விட்டுவிட்டேன்.

இன்று துணி காயப்போடும்போதுதான் கவனித்தேன். அவர் தலையாட்டுகிறார். அக்கா பேசும்போது ஆட்டவில்லை. அக்கா பேச்சை நிறுத்துகிறபோது ஆட்டுகிறார். அவள் மறுபடி தொடங்கினால் நிறுத்திக்கொள்கிறார்.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "அண்ணே, இன்னா சொல்றா?" என்று கேட்டாள்.

"பசிக்குதாம்" என்றார்.

இதுவரை சொல்லாத சொல். அவருக்குத்தான் பசி என்று ஓடிப் போய்ச் சோற்றைப் போட்டுத் தட்டைக் கொண்டுவந்தேன். கையால் தள்ளினார். கம்பியைக் காட்டினார்.

அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னிக்கி அவ சாப்புடலம்மா. கஞ்சிய ஊத்தி மூடி வெச்சிட்டு, ஒரு கொடம் எடுத்தாந்துட்டு குடிக்கறேன்னு போனா. எல்லாம் முடிஞ்சி வூட்டுக்கு வந்து பாத்தா அப்டியே இருக்குது. நாந்தான் எடுத்துக் கொட்டினேன். அத யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. எங்க அம்மாகிட்டகூட."

தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்து, கம்பி இடைவெளியில் ஒவ்வொரு பிடியாக விட்டாள். "சாப்புடு" என்றாள். அவ்வளவுதான். வேறு பேச்சில்லை.

நான் சுவர் ஓரமாக நின்று காதைக் கொடுத்தேன். தண்ணீர் ரொம்ப ஆழத்தில் இல்லை, எட்டிப் பார்த்தால் வானம் தெரிகிறது.

தட்டு காலியாகும் வரை நின்றேன். ஒரு பிடிகூடத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.